மொத்தம் 54.0

மார்ச் 3, செவ்வாய்

54.0. அறை வெப்பம் 29. காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேன் மிச்சம்.

ஜெனரேட்டர் இன்றும் எழுந்திருக்கவில்லை. டீசல் பம்பு போய்விட்டது, புதியது வர ஐந்து வாரம் ஆகும் என்கிறான் மெக்கானிக். போன மாதம் ‘ஒரே வாரம் சார்’ என்று சொன்ன அதே வாய்.

இந்த நோட்டில் முதலில் இந்த எண்ணைத்தான் எழுதுகிறேன். இருபத்துநான்கு செல், செல் ஒன்றுக்கு இரண்டேகால் வோல்ட், கூட்டினால் ஐம்பத்துநான்கு. சுவர் மீட்டர் அதைக் காட்டும்வரை என்னை யாரும் தேட மாட்டார்கள். மின்சாரத்தைச் சேமித்து வைப்பது பற்றி முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு, எட்டு நாற்காலி போட்ட ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஐம்பத்துமூன்று வயதில் கிடைத்திருக்கும் ஆராய்ச்சிக்கூடம் இது. ஒரு ஜன்னல். ஒரு முக்காலி. முழங்கால் உயரத்துக்கு வரிசையாக ஈய பாட்டரிச் செல்கள், மின்சாரம் போனால் மாடி இயந்திரங்களைத் தாங்க. அவை பேசுவதில்லை. அதனாலேயே எனக்கு அவற்றைப் பிடிக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநருக்கு ஏதோ விருதாம். பேப்பரில் பெரிய படம். மடித்து, செல் மூடியில் கசிந்திருந்த ஆசிட்டைத் துடைத்தேன். உபயோகமாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

54.0.

ஐந்தாம் நாற்காலியில் அறிக்கை.

மதிய ஷிப்டுக்குப் புது நோயாளி வருகிறார் என்று பெரிய சிஸ்டர் சொல்லியிருந்தார். பிளக்கைச் சரிபார்க்கப் போனவன் வாசலோடு நின்றுவிட்டேன். பதினொரு வருடம் கழித்து அந்த முகம். பாதியாகியிருக்கிறார். மீசை மட்டும் அதே மீசை.

என் கூடப் பிறந்தவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். தீயணைப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை உறவு சொல்லிக் குறிப்பிடுவதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று. ‘அறிக்கை’ என்றுதான் சொல்வேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் சோதனை அறை எரிந்தபோது விசாரித்து எழுதியவர் அவர். ‘மனிதத் தவறு’ என்று எழுதினார். அந்த அறையில் இருந்த மனிதன் நான் ஒருவன்தான்.

அவரும் என்னைப் பார்த்தார். பிளக்கைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

54.0.

இவளுக்கு, என் மனைவிக்கு, ஆறு மாதமாகத் தெரியுமாம். அவர் மனைவி போனில் சொல்லியிருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் இயந்திரம், செவ்வாய், வியாழன், சனி.

“என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றேன்.

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? எழுந்து போய் ரூம் கதவைச் சாத்திக்கிட்டிருப்பீங்க.”

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு என்ன? ஊரில் ஆயிரம் பேருக்குச் சிறுநீரகம் போகிறது. அதற்கெல்லாம் நான் கவலைப்பட முடியுமா? அந்த நெருப்பில் என் ஏழு வருட வேலை போனது. என் செல்கள், என் குறிப்புகள், என் பெயர். குறைபாடுள்ள செல்லை அனுப்பிய கம்பெனியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவரே எழுதினார். கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு.

மார்ச் 10, செவ்வாய்

இன்று எண் எழுதவில்லை.

மதியம் 2.35க்கு மின்சாரம் போனது. துணை மின்நிலையத்தில் வேலை நடக்கிறதாம், கோடை முழுக்க இப்படித்தான் இருக்குமாம். போகட்டும், என் அறையில் இருப்பது நான்கு மணி நேரத்துக்குத் தாங்கும் என்று நிதானமாகப் படியிறங்கினேன். பதினோரு நிமிடம். பதினோரே நிமிடத்தில் மீட்டர் சரசரவென்று இறங்கி, இன்வெர்ட்டர் ஒரு தடவை கத்திவிட்டு அணைந்தது.

மாடியில் எட்டுப் பேரின் ரத்தம் குழாய்களில் நிற்கிறது. இயந்திரத்துக்குள்ளேயே ஒரு குட்டி பாட்டரி உண்டு. மூன்று இயந்திரங்களில் அது பிடித்தது. மீதி ஐந்தில் இல்லை. அப்படி நேர்ந்தால் இயந்திரத்தின் முதுகில் மாட்டியிருக்கும் சின்னக் கைப்பிடியை எடுத்து, ரத்தப் பம்பில் செருகிக் கையால் சுற்ற வேண்டும். வெளியே வந்திருக்கும் ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்பும்வரை நிறுத்தக் கூடாது. நின்றால் குழாயிலேயே உறைந்துவிடும். ஐந்து பம்பு. சிஸ்டர்கள் நால்வர்.

“என்ன சார், வேடிக்கை பார்க்கறீங்க? அஞ்சாம் நம்பரைப் பிடிங்க!” என்று பெரிய சிஸ்டர் கத்தினார்.

பிடித்தேன்.

பென்சில் அளவுக் குழாய். அதில் கருஞ்சிவப்பாக அவருடைய ரத்தம். சூடு விரலில் தெரிந்தது. நான் சுற்றச் சுற்ற நகர்ந்தது. அவசரத்தில் ஒரு சுற்று வேகமாகவும் ஒரு சுற்று மெதுவாகவும் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. திறக்காமலே சொன்னார்:

“அவசரப்படாதே. நிதானமா சுத்து.”

பதினொரு வருடத்தில் எனக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் ஓர் உத்தரவு!

நிதானமாகச் சுற்றினேன். பதினான்கு நிமிடம். பக்கத்தில் அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் ஏதாவது பேசியிருந்தால் கைப்பிடியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போயிருப்பேன் — இல்லை, போயிருக்க மாட்டேன். ஏன் இப்படி எழுதுகிறேன்?

மார்ச் 11, புதன்

டாக்டரம்மா கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“இன்னைலேர்ந்து மதிய ஷிப்ட் கிடையாது. திங்கள் செட், செவ்வாய் செட் ரெண்டும் சேர்த்து அந்தப் பதினாறு பேரையும் விடியக்காலைல அஞ்சு மணிக்கு வரச் சொல்லிட்டேன். ஆனா நாலு மணி நேரம் குடுக்க முடியாது, மூணுதான். எவ்வளவு நாள் தாங்கும்னு நினைக்கறீங்க? உடம்புல கழிவு தங்கும், நீர் கோக்கும். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்.”

பெரிய ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரப் பயணம். போக இரண்டு, வர இரண்டு. இயந்திரத்திலிருந்து இறங்கினால் படியிறங்கவே கால் துவளும் ஆட்கள்.

“பாட்டரி செத்துப் போச்சு டாக்டர். புதுசு வாங்குங்க.”

“வாங்கிடலாம். வர நாலு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும்?”

“இந்தக் கட்டடத்துல எதுதான் உருப்படியா இருந்திருக்கு?” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்ன ஆச்சுன்னு நிர்வாகக் குழுவுக்கு எழுதித் தாங்க. காரணத்தோட” என்றார்.

காரணமா? வெயில். மோசமான சப்ளை. மட்டமான சரக்கு. எழுதித் தருகிறேன், பக்கம் பக்கமாக.

மார்ச் 12, வியாழன்

‘இருபத்துநான்கும் பயனற்றவை’ என்று பட்டியல் போடுவதற்காக ஒவ்வொரு செல்லாக அளந்தேன். முதல் மூன்று, 2.27, 2.26, 2.28. நான்காவது 2.05. மீட்டர் கம்பி சரியாகப் படவில்லை என்று நினைத்து மறுபடி வைத்தேன். 2.05.

ஒன்பதாவது 2.04. இருபதாவது 2.06. பதினேழு — 2.46.

மற்ற இருபதும் 2.27க்கு அக்கம்பக்கத்தில். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 54.01.

மொத்தம் சரியாக இருக்கிறது. மொத்தம் எப்போதுமே சரியாகத்தான் இருந்தது. மூன்று செல்கள் பட்டினியில் கிடந்திருக்கின்றன, ஒன்று வயிறு வெடிக்கத் தின்றிருக்கிறது, சுவர் மீட்டர் தினமும் ‘எல்லாரும் சாப்பிட்டாச்சு’ என்று சொல்லியிருக்கிறது.

பதினேழாவது செல் ஏன் அப்படி? அதன் மூடி மட்டும் வெளுக்காமல் கறுப்பாக இருக்கிறது. புதியது. இரண்டு வருடத்துக்கு முன், நான் இங்கே சேர்ந்த முதல் மாதம், விரிசல் விட்ட ஒரு பழைய செல்லை எடுத்துவிட்டுப் புத்தம் புதிதாக ஒன்றை நடுவில் வைத்தவன் — நான். பழசுகளுக்கு நடுவே தனியாக ஒரு புதுசை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றிலும் ஓடும். புதிது தன் பங்குக்கு மேல் எழும்பும், பலவீனமானவற்றுக்குக் கிடைக்காது. வைத்தாலும் மாதம் ஒரு முறை தனித்தனியாக அளந்தால் தெரிந்துவிடும். அளக்கவில்லை. வாசலில் நின்று சுவரைப் பார்த்து எழுதினேன். பதிவேட்டைப் புரட்டினேன். 54.0. 54.0. 54.0. எழுநூறு தடவைக்கு மேல், அழகான கையெழுத்தில்.

ஏழு வருடம் ஆராய்ச்சி செய்தவனின் பதிவேடு.

மார்ச் 13, வெள்ளி

அன்றைக்கும் வாசலில் நின்றுதான் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில். நெருப்புக்கு முந்தின சாயங்காலம். கேபினெட்டைத் திறக்கச் சோம்பல்.

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

மார்ச் 14, சனி

விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன். ஐந்தாம் நாற்காலி. முகம் வீங்கியிருந்தது. மூன்று மணி நேரம் போதவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது.

பக்கத்து மேசையில் ஒரு பாட்டில். அதில் பேனாவால் குறுக்குக் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு மணி எண். நான் பார்ப்பதைப் பார்த்து அவரே சொன்னார். “நாள் பூரா இதான் தண்ணி. முக்கால் லிட்டர். லாரி லாரியா பீச்சினவனுக்கு வந்த கதியைப் பாரு.”

பெரிய சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, “முதல் வாரம் காலைல ஒன்பது மணிக்குள்ள காலி பண்ணிட்டு, அப்புறம் என்கிட்ட பிச்சை கேட்டாரு. இப்பதான் கோடு போட்டு அடங்கியிருக்காரு” என்றார்.

“அடங்கலை சிஸ்டர். அளந்துக்கறேன்” என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, எதற்காக வந்தேனோ அதைக் கேட்டுவிட்டேன். “உங்க அறிக்கைல ஒவ்வொரு செல்லையும் அளக்கலைன்னு எழுதியிருந்தீங்க. எப்படித் தெரிஞ்சது? எரிஞ்சு போனதுக்கப்புறம்?”

“உன் நோட்டு பாதிதான் எரிஞ்சிருந்தது. எல்லாப் பக்கத்துலயும் ஒரே நம்பர்.” பிறகு கேட்டார்: “நாலாம் பக்கம் படிச்சியா?”

“எந்த நாலாம் பக்கம்?”

“படிக்கலை.” கண்ணை மூடிக்கொண்டார். “அதானே பார்த்தேன்.”

மார்ச் 15, ஞாயிறு

அந்த அறிக்கையின் நகலைப் பரணில் இருந்து இறக்கினேன். தும்மல் தாளவில்லை. இவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மொத்தம் ஐந்து பக்கம். இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் என் சிவப்பு மைக் கிறுக்கல்: ‘துரோகம்’. மூன்றாவதிலிருந்து தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்கப்படவே இல்லை. ‘மனிதத் தவறு’ என்று முடியும் கடைசிப் பக்கத்தை அன்று இயக்குநரே எனக்கு வாசித்துக் காட்டினார். அது போதும் என்றிருந்துவிட்டேன்.

நான்காம் பக்கம்: ‘தீ தொடங்கிய செல்லின் உட்தகட்டில் தயாரிப்பின்போதே ஏற்பட்ட குறை காணப்படுகிறது. தயாரிப்பாளரிடம் விளக்கம் கேட்கப் பரிந்துரைக்கப்படுகிறது. தனித்தனி அளவீடு எடுக்கப்பட்டிருந்தால் இக்குறை முன்னரே தெரிய வந்திருக்கலாம். அதற்கான எச்சரிக்கைக் கருவி வாங்க இருமுறை எழுதிக் கேட்கப்பட்டும் நிறுவனம் வாங்கித் தரவில்லை.’

எழுதிக் கேட்டவன் நான்தான். மறந்தே போயிருந்தேன். அவர் தேடிக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்.

ஐந்து பக்கத்தில் எங்கேயும் என் பெயர் இல்லை. மூன்று தடவை தேடினேன். பெயரைச் சேர்த்துக்கொண்டது இயக்குநரின் வாய்.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. இடம் மாறியிருக்கிறது. இத்தனை வருடம் சுமந்ததைத் திடீரென்று எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் வந்து சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம்தானே?

மார்ச் 17, செவ்வாய்

பாட்டரிக்கடைக்குப் போனேன். கடைக்காரரை எல்லாரும் ‘ஆசிட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓட்டை இல்லாத சட்டையோடு அவரை யாரும் பார்த்ததில்லை.

“இதே கம்பெனி, இதே வருஷத்துச் செல், ஆறு வேணும்” என்றேன்.

“அதெல்லாம் எதுக்கு சார்? புதுசு வந்திருக்கு, பளபளன்னு.”

“புதுசு வேண்டாம். பழசுதான் வேணும். நல்லா உழைச்ச பழசு.”

கடைக்குள் இருந்தவரைக் கூப்பிட்டார். “ஏய், இங்க வந்து பாரு! முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன், பழசைக் கேட்டு வந்த முதல் ஆளு இவர்தான். சார், வீட்லயும் இப்படித்தானா? புதுச் சட்டை வேண்டாம்பீங்களா?”

வழக்கமாக இந்த மாதிரி ஆட்களிடம் நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். இன்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காரணத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒரு டெலிபோன் நிலையத்தைக் கலைத்தபோது வந்த சரக்கு கொட்டகையில் கிடக்கிறதாம். இரண்டு பேரும் கோணியை விலக்கி, தூசி துடைத்து, மூடியில் பொறித்த வருடத்தைப் படித்துப் படித்து ஆறு பொறுக்கினோம். டயாலிசிஸுக்கு என்று தெரிந்ததும் அவரே வண்டியில் ஏற்றி வந்து இறக்கினார்.

மார்ச் 19, வியாழன்

ஆறில் நான்கு தேறின. 4, 9, 20 ஆகியவற்றை எடுத்துவிட்டு மூன்றை வைத்தேன். பதினேழாவதைக் கழற்றும்போது மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது. நல்ல செல் அது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இடம்தான் தப்பு.

முதுகு போய்விட்டது. இவள் தைலம் தேய்த்தாள். “அவருக்காகவா?” என்றாள். “பதினாறு பேருக்காக” என்றேன். “ம்ம்” என்றாள். அந்த ‘ம்ம்’மை எந்த மீட்டரிலும் அளக்க முடியாது.

மார்ச் 21, சனி

நேற்று மாலையிலிருந்து சமன்படுத்தும் சார்ஜ். மெதுவாக, கொஞ்சம் கூடுதலாக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டகையில் பட்டினி கிடந்தவை மற்றவற்றை எட்டிப் பிடிக்கும்வரை. முடிந்தது நிரம்பிக் குமிழி விடும், முடியாதது இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும். அறை முழுக்கச் சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். வாயு சேரக் கூடாது என்று ஜன்னலைத் திறந்து வைத்து, வாசலில் மின்விசிறி. மணிக்கு ஒரு முறை இருபத்துநான்கையும் அளக்கிறேன். வாசலில் நின்று அல்ல.

விடிகாலையில் ஐந்தாம் நாற்காலிக்குப் போனேன், நிர்வாகக் குழுவுக்கு எழுதிய தாளோடு. அறிக்கை எழுதுவதில் இந்த ஊரில் அவரைவிடத் தேர்ந்தவர் யார்?

ஊசி குத்திய கையை அசைக்காமல், மறு கையில் தாளைப் பிடித்துப் படித்தார். ‘இத்தவறு முழுவதும் என்னுடையது’ என்று முடித்திருந்தேன்.

“இதை அடி.”

“உண்மைதானே?”

“உண்மைதான். ஆனா உபயோகம் இல்லை. யார்னு எழுதினா அந்த ஆளைத் தூக்கிப் போட்டுட்டு நிம்மதியாப் போய்த் தூங்குவாங்க. எதுன்னு எழுது. தனித்தனியா அளக்கற வழக்கம் இல்ல, மாசம் ஒரு தடவை அளக்கணும், ரெண்டாவது ஆள் கையெழுத்துப் போடணும். அது போதும்.”

“அன்னைக்கு இதை வந்து சொல்லியிருக்கலாமே!” குரல் உயர்ந்துவிட்டது. நான்காம் நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். “பதினோரு வருஷம்!”

“மூணு தடவை வந்தேன்டா. உன் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னேன். உன் வீட்டுக்காரி ‘தூங்கறார்’னு சொல்லிட்டு அவ அழுதா. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எவன் தூங்குவான்?”

நான் தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அவர் தாளை என்னிடம் நீட்டினார். பிறகு அவரே சொன்னார். “அந்த விசாரணையை நான் எடுத்திருக்கக் கூடாது. சொந்தத் தம்பி, வேற ஆளைப் போடுங்கன்னு கேட்டேன். ஆள் இல்லைன்னாங்க. சண்டை போட்டுக் கேட்டிருக்கணும். போடலை. அது என் தப்பு. அதையும் எழுதிக்கோ.”

“அதுக்கு எந்தப் பக்கம்?” என்றேன்.

“ஆறாம் பக்கம்” என்றார். வீங்கின முகத்தில் மீசை கொஞ்சம் அசைந்தது.

அந்த வரியை அடித்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் மட்டும் வாயால் சொன்னேன். “தெரியும். பதிவேட்டைப் பார்த்தேன்” என்றார். “அடுத்த தடவை நானும் கையெழுத்துப் போடறேன்.”

மார்ச் 24, செவ்வாய்

மிகத் தாழ்ந்தது 2.23. மிக உயர்ந்தது 2.27.

மொத்தம் கூட்டவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

சோதனை. நோயாளிகள் இல்லாத நாள். எட்டு இயந்திரங்கள் இழுக்கும் அளவுக்கு ஆறு கிலோவாட் சுமை வேண்டும். ஆறு வாட்டர் ஹீட்டர் கம்பிகள், ஆறு டிரம் தண்ணீர், மெயினை அணைத்துவிட்டு ஆரம்பித்தேன். நான்கு மணி நேரம் தாங்கினால் மதிய ஷிப்ட் பிழைக்கும். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை பதினாறு பேருக்கும் கடிதம் போகும். கவர்களில் முகவரி எழுதி முடித்து மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பெரிய சிஸ்டர் விடுமுறை நாளிலும் வந்துவிட்டார். “இவ்வளவு வெந்நீரையும் கீழே கொட்டுவீங்களா? போர்வையெல்லாம் ஊற வெச்சுடறேன்.” ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் வாளி வாளியாக மொண்டு போனார்.

முதல் மணி நன்றாகப் போனது. இரண்டு மணி பத்து நிமிடத்தில் வாசனை வந்தது.

அந்த வாசனை எனக்குத் தெரியும். ஓடு ஓடு என்கிறது மனசு. ஓடினேனா? இல்லை. சுமையை அணைத்தேன். அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து, போனை எடுத்து, இவளிடமிருந்து வாங்கி வைத்திருந்த ஐந்தாம் நாற்காலியின் எண்ணை அழுத்தினேன். எடுத்தார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் “ஹலோ” என்றேன்.

“சொல்லு.”

“சூடு. வாசனை வருது. பிளாஸ்டிக் வாசனை.”

“புகை?”

“இல்ல.”

“அணைச்சியா?”

“அணைச்சுட்டேன்.”

“நல்லது. எங்க சூடு? செல் உடம்புலயா, இணைப்புலயா? புறங்கையைக் கிட்டக் கொண்டு போய்ப் பாரு. தொடாதே. ஒவ்வொண்ணாப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்.”

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் மூச்சு விடுவது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இணைப்புப் பட்டை தகித்தது. செல்கள் ஜில்லென்று இருந்தன. நான் புதிதாக வைத்த ஒன்பதாவது. போல்ட்டை முழுசாக முறுக்கவில்லை. பட்டையிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, சரியாகத் தேய்க்கவில்லை.

“இணைப்புதான்.”

“அப்போ பயப்பட ஒண்ணுமில்ல. ஆறட்டும். சுத்தம் பண்ணி, முறுக்கி, மறுபடி ஓட்டு. மத்த இருபத்துமூணையும் முறுக்கிப் பாரு.”

“இணைப்பு இருபத்துமூணுதான்.”

“அப்போ மத்த இருபத்திரெண்டு. படிச்சவன்கிட்ட வாய் குடுக்க முடியாது.”

இருபத்திரண்டையும் பார்த்தேன். இன்னும் இரண்டு தளர்வு. கம்பித் தூரிகையால் ஈயம் மின்னும்வரை தேய்த்தேன். மறுபடி ஓட்டினேன்.

மொத்தம் நான்கு மணி இருபது நிமிடம். அப்போதும் உயிர் இருந்தது. போதும் என்று நானே நிறுத்தினேன்.

கொடிகளில் இடமில்லாமல் மொட்டைமாடி முழுக்கப் போர்வை.

மார்ச் 31, செவ்வாய்

டாக்டரம்மா கவர்களைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஒன்றை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாற்காலியின் முகவரி அதில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

மதிய ஷிப்ட் மறுபடி ஆரம்பம். நாள் முழுக்க மின்சாரம் போகவே இல்லை. வேண்டாதபோதெல்லாம் போகும், இன்று மட்டும் என்ன கேடு? ஐந்து மணிவரை மீட்டர் முன்னால் முட்டாள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஜெனரேட்டர் பம்பு கப்பலில் வருகிறது என்று மெக்கானிக் போன் செய்தான். எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

காலையில் இருபத்துநான்கும் அளந்தேன். எட்டு மட்டும் 2.21. கவனிக்க வேண்டும். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

மதியம் 2.10க்குப் போனது. தெரு முழுக்க ஒரே சமயத்தில் அடங்கியது. எதிர்க்கடையின் மாவு மெஷின், மாடி ஏசி, எல்லாம். மாடியில் விளக்குகள் ஒரு தடவை கண் சிமிட்டின, அவ்வளவுதான். பம்புகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

படியேறி ஓடினேன். யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாற்காலியில் டிவி. பெரிய சிஸ்டர் யாரோ ஒருவரை, தண்ணீர் குடித்து எடையை ஏற்றிக்கொண்டு வந்ததற்காகத் திட்டிக்கொண்டிருந்தார். நான் நேரே ஐந்தாம் நாற்காலிக்குப் போய், இயந்திரத்தின் முதுகிலிருந்து கைப்பிடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவேளை வேண்டியிருந்தால் என்று.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். வாயை லேசாகத் திறந்து, சின்ன வயதில் ஒரே பாயில் படுத்திருக்கும்போது விடுவாரே, அதே குறட்டை. பாட்டிலில் தண்ணீர் மூன்று மணிக் கோட்டுக்கு மேலேயே நின்றது. அண்ணி தன் முக்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

5.25க்கு மின்சாரம் வந்தது. நான்காம் நாற்காலிக்காரர், “கரண்ட் போயிருந்ததா என்ன?” என்று கேட்டார்.

கைப்பிடியை எடுத்த இடத்திலேயே மாட்டினேன். அந்தச் சத்தத்தில் அவர் கண் விழித்தார்.

“என்னடா, இங்க உட்கார்ந்திருக்கே?”

“சும்மாதான், அண்ணா.”